வெளிச்சமே தெரியாத நட்சத்திரத்தை எப்படி நிறுக்கிறார்கள்?

களுவாஞ்சிக்குடி ரியூசன் வாத்தி:
உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வியாழக்கிழமை வட்ட இயக்கம் நடக்கும்போது பின்வாங்குப் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், சூரியன் மாதிரி ஒன்றைச் சுற்றுகிற குட்டி நட்சத்திரத்தின் வெளிச்சமே பிடிபடாதாம். பிறகு எப்படி அது 85 வியாழன் திணிவு என்று சொன்னார்கள்?" என்று கேட்டாள். "ஞாயிறு சொல்கிறேன் மகள்" என்று தப்பி வந்துவிட்டேன். கரும்பலகையில் சொல்லக்கூடிய மாதிரி யாராவது விளக்குங்கள்.

கல்லடிக் கடற்கரை:
2017இல் அறிவித்த ஈபிஎல்எம் ஜே0555-57 என்ற நட்சத்திரத் தொகுதியைப் பற்றிப் பிள்ளை வாசித்திருக்கிறாள். அந்தக் குட்டி சனிக் கிரகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 8 நாளுக்குள் ஒரு சுற்று.

சேர், பெரியதை மட்டும் பாருங்கள். குட்டி முன்னால் போகும்போது வெளிச்சம் கொஞ்சம் மங்கும். ஆரை பத்தில் ஒன்று என்றால் மறைப்பு நூறில் ஒன்று. ஆனால் வியாழன் போனாலும் அதே நூறில் ஒன்றுதான்! கிரகம் தேடுகிறவர்களிடம் இவை போலிக் கிரகங்களாக வந்து மாட்டுவதும் இதனால்தான்.

பிடித்துக் கொடுப்பது இழுவை. வியாழன் சூரியனைச் செக்கனுக்கு 12 மீற்றர் அளவில் ஆட்டுகிறது. சூரியனில் பத்தில் ஒரு பங்கு திணிவுள்ள குட்டி 8 நாளில் சுற்றினால் ஆட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். டொப்ளர் விளைவில், அதாவது நட்சத்திரம் கிட்ட வரும்போதும் விலகும்போதும் அதன் ஒளியின் அலைநீளம் மாறுவதில், அது ஒளியவே முடியாது.

ரியூசன் வாத்தி:
சரி. ஆனால் அந்தக் கணக்குக்குப் பெரியதன் திணிவு தெரிந்திருக்க வேண்டுமே?

கல்லடிக் கடற்கரை:
அங்கேதான் கை வைத்தீர்கள். முந்தி நான் மீன் வாங்கிய ஒருவரிடம் ஒரு கிலோப் படிக்கல் இருந்தது. வீட்டில் நிறுத்துப் பார்த்தால் 950 கிராம். தராசில் பிழையே இல்லை, பிழை கல்லில். இங்கே பெரிய நட்சத்திரம்தான் படிக்கல். அதன் திணிவில் 6 சதவீதம் பிழைத்தால் குட்டியில் 4 சதவீதம் பிழைக்கும். ஆரையும் அப்படித்தான், விகிதம் மட்டுமே கையில் கிடைக்கிறது. சிறு நட்சத்திரங்கள் கோட்பாடு சொல்வதைவிடச் சில சதவீதம் வீங்கியிருக்கின்றன என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. படிக்கல் சரியில்லாமல் அந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

ஒன்று மட்டும் தப்பும். குட்டியின் மேற்பரப்பு ஈர்ப்பு ஆர்முடுகலை ஆட்டம், மறைப்பு இரண்டையும் வைத்தே எடுக்கலாம். பெரியதன் திணிவு தேவையில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அதையே வீட்டுவேலையாகக் கொடுங்கள்.

அக்கரைப்பற்று மச்சான்:
வெறுங்கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லையா?

கல்லடிக் கடற்கரை:
குட்டிகள் கிடைக்காது. மறைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க அல்கோல் என்ற இரட்டை நட்சத்திரம் இருக்கிறது. ஏறக்குறைய 2 நாள் 21 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மங்கும். கார்த்திகை, மார்கழியில்தான் நல்ல உயரத்தில் நிற்கும். அந்த நேரம் நம்முடைய வானத்தில் முகிலைத் தவிர வேறென்ன நிற்கிறது? மூன்று வருடமாகக் கதிரையைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் நனைந்து திரும்புகிறேன்.