ஊட்டியில் மியூவான் எண்ணுறாங்க, என் பொண்ணுக்கு மல்லாட்டை ஆகாது

மல்லாட்டை மண்டி (திண்டிவனம்), சனி காலை 7:10

மூணு தலைமுறையா எங்க வீட்டுல மல்லாட்டை வியாபாரம். வெளியூர்க்காரங்க வேர்க்கடலைன்னு படிச்சுக்குங்க. அந்த வீட்டுப் பொண்ணுக்கே மல்லாட்டை ஆகாதுன்னா சிரிப்பீங்க. நாங்களும் முதல்ல நம்பல.

போன மே மாசம் ஊட்டி போனோம். "இதுல கடலை இல்லீங்க"ன்னு சொல்லித்தான் ஒரு கடையில சாக்லேட் கொடுத்தாங்க. அஞ்சு நிமிஷத்துல ஆறு வயசுப் புள்ளைக்கு உதடு தடிச்சு, குரலே மாறிப்போச்சு. கையில இருந்தது ஒவ்வாமையை அடக்குற அட்ரினலின் மருந்து ஒரு ஆம்பியூல், ஒரு சிரிஞ்சு. எதுவரைக்கும் மருந்தை இழுக்கணும்னு டாக்டர் சிரிஞ்சு மேல மார்க்கர்ல கோடு போட்டுக் கொடுத்திருந்தார். ஆம்பியூல் கழுத்தை உடைக்கிறப்ப என் கட்டைவிரல் கிழிஞ்சுது. தொடையில குத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பொழைச்சுது.

மறுநாள் நாங்க தங்கின இடத்துல ஒருத்தர் பெருமையா சொன்னார்: ராஜ்பவன் பக்கத்துல டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் கூடம் இருக்கு, வானத்துலேருந்து விழுற மியூவான்ங்கிற நுண்துகளை ராத்திரி பகலா எண்ணுறாங்கன்னு. எனக்கு வயிறு எரிஞ்சுது. 2023-ல குவாண்டம் கணினி மாதிரி ஆராய்ச்சிக்கான குவாண்டம் மிஷனுக்குன்னு மத்திய அரசு ஒதுக்கினது 6,003 கோடி ரூபாய். அதுல ஒரு துளி ஒவ்வாமைக்குப் போனா என்ன? விஞ்ஞானம் வேணாம்னு சொல்லல. எது முதல்லன்னு கேக்குறேன்.

குன்னூர் வாத்தியார், சனி காலை 8:45

தம்பி, முதலில் குழந்தை நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்தக் கூடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் சார்பாகத்தான் பேசுவேன்.

நீங்கள் நினைப்பதுபோல் பளபளப்பான மாளிகை இல்லை அது. கிரேப்ஸ்-3 என்று பெயர். மியூவானை எண்ணுவது 3,712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் சதுரம். மேலே இரண்டு மீட்டர் கான்கிரீட். இந்தக் குழாய்களுக்கு முன்பிறவி ஒன்று உண்டு: கோலார் தங்கவயலின் சுரங்கத்தில், அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்ற துகள் தானாகச் சிதைகிறதா என்று பார்க்க அடுக்கி வைத்திருந்தவை. அந்தச் சோதனை முடிந்ததும் எடைக்குப் போடாமல் மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். பழைய சாமானை இவ்வளவு பொறுப்பாகப் பயன்படுத்திய அரசுத் துறை வேறு இருந்தால் சொல்லுங்கள்.

2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டிக்கு மேலே ஒரு இடிமேகம். நிமிடத்துக்குச் சுமார் 25 லட்சம் மியூவான் எண்ணும் இடத்தில் 18 நிமிடம் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. மேகத்துக்குள் இருந்த மின்புலம் மியூவான்களின் ஆற்றலைக் குறைத்ததால், சில கான்கிரீட்டைத் தாண்டவில்லை. அந்தக் குறைவை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. பலூன் விட்டு அதுவரை அளந்ததில் அதிகபட்சம் 13 கோடிதான். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929-லேயே சொல்லிவிட்டார். அதை அளந்து காட்டியது நம் ஊட்டி, 2019-ல் வெளிவந்த கட்டுரையில்.

மல்லாட்டை மண்டி, சனி காலை 9:02

கேக்க நல்லாத்தான் இருக்கு சார். மேகத்துக்கு எத்தனை வோல்ட்டுன்னு தெரிஞ்சதால என் புள்ளைக்கு என்ன?

சாக்பீஸ், சனி காலை 9:30

சண்டை போடுவது நீங்கள் இருவரும். எங்கள் கணிதத் துறைக்குச் சாக்பீஸும் குப்பைத்தொட்டியும் போதும் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, எண் கோட்பாடு எந்தப் போருக்கும் பயன்படாது என்று 1940-ல் பெருமையாகவே எழுதினார். 1977-ல் அதே எண் கோட்பாட்டில் ரகசியச் செய்திகளைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு செய்தார்கள், ராணுவமும் வங்கியும் அதை வாங்கிக்கொண்டன. 1994-ல் ஷோர் என்ற கணிதவியலாளர், குவாண்டம் கணினி என்று ஒன்று வந்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும் என்று காட்டினார். உங்கள் 6,003 கோடிக்கு அந்தப் பயமும் ஒரு காரணம். மனிதர்களுக்கு ஒவ்வாமையைவிடத் திருட்டுப் பயம் அதிகம், அவ்வளவுதான்.

மகரந்தம், சனி முற்பகல் 11:15

அண்ணா, நான் லேப் டெக்னீஷியன். தினமும் இந்த டெஸ்ட்தான் போடுறேன். உங்க பொண்ணு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, ஐ.ஜி.இ. அப்படின்னு ஒரு வரி இருக்கும், ஒவ்வாமையைக் கிளப்புற எதிர்ப்பொருள் அது. அதோட கதை உங்க வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல்.

1921-ல ஜெர்மனியில பிரௌஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர்னு ரெண்டு டாக்டர்கள். கியூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவரோட ரத்தத்துலேருந்து சீரத்தை எடுத்து பிரௌஸ்னிட்ஸ் தன் வயித்துத் தோல்ல ஊசி போட்டுக்கிட்டார். மறுநாள் அதே இடத்துல மீன் சாறு. அந்த இடம் மட்டும் தடிச்சு வீங்குச்சு. ரத்தத்துல ஏதோ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியல. அது ஐ.ஜி.இ.தான்னு சொல்ல 1966 வரைக்கும் ஆச்சு. இஷிசாகா கணவன் மனைவி ரெண்டு பேரும் அமெரிக்காவுல டென்வர்ல கண்டுபிடிச்சாங்க. அவங்களும் தங்களோட தோல்லயே ஊசி போட்டுப் பார்த்தவங்கதான்.

சரி, கண்டுபிடிச்சாச்சு. ரத்தத்துல அது இருக்கிறதோ துளியூண்டு. எப்படி அளக்கறது? 1967-ல ஸ்வீடன்ல வந்த முதல் டெஸ்ட்டுல ஐ.ஜி.இ.யைப் பிடிக்க கதிரியக்க அயோடினை ஒட்டி, கவுண்ட்டர்ல வச்சு எண்ணினாங்க. வாத்தியார் குழாய்ல மியூவான் எண்ணுற மாதிரியேதான். அந்த மாதிரி துளி அளவை எண்ணுற வித்தைக்கு 1977-ல நோபல் வாங்கின ரோசலின் யாலோ மருத்துவர் கிடையாது, அணு இயற்பியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. இப்ப கதிரியக்கம் போய் ஒளிரும் சாயம் வந்துடுச்சு. ஆனா எண்ணத் தெரிஞ்சவங்க முதல்ல இல்லைன்னா உங்க பொண்ணுக்கு எது ஆகாதுன்னே தெரிஞ்சிருக்காது.

மல்லாட்டை மண்டி, சனி பிற்பகல் 2:20

மண்டியை மூடிட்டு வந்தேன். மகரந்தம் தங்கச்சி சொன்னது நிஜமாவே தெரியாது, நன்றி.

ஆனா எல்லாரும் ஒரே தந்திரம் பண்றீங்க. ஜெயிச்ச குதிரையை மட்டும் தெருவுல ஊர்வலம் விடுறீங்க. அந்தக் கோலார் சுரங்கத்துல புரோட்டான் சிதைஞ்சுதா? சார் சொல்லாம விட்டதை நான் தேடிப் படிச்சேன். இன்னிக்கு வரைக்கும் உலகத்துல எங்கேயும் யாரும் அதைப் பார்த்ததா உறுதியாகல. குழாய் நல்லாருக்குன்னு சொன்னீங்களே, எதுக்காக வாங்கினாங்களோ அது கிடைச்சுதான்னு சொல்லலையே. நான் நூறு மூட்டை வாங்கி ஒரு மூட்டை லாபத்துக்குப் போச்சுன்னா அந்த ஒண்ணை மட்டும் போட்டோ எடுத்து மாட்ட முடியுமா?

இன்னொண்ணு. மல்லாட்டை ஒவ்வாமையில நடந்ததுலயே பெரிய கண்டுபிடிப்பு எது? லண்டன்ல கிடியன் லாக்ன்னு ஒரு டாக்டர். இஸ்ரேல்ல பேசப் போனப்ப, மல்லாட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளை எத்தனை பேர் பார்த்திருக்கீங்கன்னு அங்க இருந்த டாக்டர்களைக் கேட்டார். சில கைதான் தூக்கினாங்க. லண்டன்ல கேட்டிருந்தா அத்தனை கையும் தூக்கியிருக்கும். ஏன்? அங்க குழந்தைங்க பல் முளைக்கிறப்பவே மல்லாட்டை சேர்த்துச் செஞ்ச பம்பான்னு ஒரு பொரியைத் தின்னுது. லாக் குழு ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் உள்ள 640 கைக்குழந்தைகளை ரெண்டா பிரிச்சு, பாதிக்குக் கொடுத்து, பாதிக்குக் கொடுக்காம அஞ்சு வயசு வரைக்கும் பார்த்தாங்க. 2015-ல முடிவு வந்துச்சு. கொடுக்காத பக்கம் 17 சதவீதத்துக்கு ஒவ்வாமை, கொடுத்த பக்கம் 3 சதவீதம். இதுக்கு மியூவான் வேணுமா, குவாண்டம் வேணுமா? ஒரு கேள்வி, ஒரு பாக்கெட் பொரி.

குன்னூர் வாத்தியார், சனி பிற்பகல் 3:05

புரோட்டான் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இத்தனை ஆண்டுக்குள் சிதையவில்லை" என்பதும் ஒரு விடைதான். அது பல கோட்பாடுகளைக் குப்பையில் போட்டது. மண்டிக் கணக்கில் அது எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியாது.

வடலி (லண்டன்), சனி மாலை 5:40

அண்ணை, நீங்கள் சொன்ன ஆய்வு நடந்த ஊரிலதான் நான் இருக்கிறன். என்ர மகனுக்கும் கடலை ஒத்துவராது, அவன் இப்ப வளந்திட்டான். அவன் பிறந்த காலத்தில எல்லாரும் சொன்னது என்னெண்டால், மூண்டு வயது வரைக்கும் கடலை குடுக்காதேங்கோ. ஒவ்வாமை வர வாய்ப்புக் கூடின பிள்ளையளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-ல அப்பிடித்தான் அறிவுரை குடுத்தது. 2008-ல ஆதாரம் காணாதெண்டு பின்வாங்கிச்சினம். நான் சொன்னபடி கேட்டனான். கேட்டதாலதான் வந்ததோ எண்டு இண்டைக்கும் இரவில யோசிப்பன்.

உடனே பயன்படுற ஆராய்ச்சிக்கு மட்டும் காசு எண்டு சொல்லேக்க இதையும் நினையுங்கோ. அந்த அறிவுரையும் பயன்படுற அறிவுரை எண்டுதான் வந்தது. சோதிச்சுப் பாக்க முதலே.

மற்றது, அந்த 2015 ஆய்வு முடிவு ஒவ்வாமை வராமல் தடுக்கத்தான் உதவும், ஏற்கெனவே வந்த பிள்ளைக்கு இல்லை. எங்கட பிள்ளையளுக்கு இப்ப இருக்கிறது ஒமாலிசுமாப் ஊசி. ஒரு வயதுக்கு மேல உணவு ஒவ்வாமைக்கு அமெரிக்கா 2024-ல அனுமதிச்சது. சோதனையில 67 சதவீதம் பேருக்கு இரண்டு கடலைப் பருப்பளவு தாங்கிச்சுது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட ஆக்களில 7 சதவீதம். அந்த ஊசி செய்யிற வேலை என்ன தெரியுமே? மகரந்தம் தங்கச்சி சொன்ன அதே ஐ.ஜி.இ.யைப் பிடிச்சு வைக்கிறதுதான். பிரௌஸ்னிட்ஸின்ர வயித்தில வீங்கினது நூறு வருசம் கழிச்சு ஊசியா வந்திருக்கு.

மல்லாட்டை மண்டி, சனி மாலை 6:15

அக்கா, நூறு வருஷம்னு நீங்களே சொல்லிட்டீங்க. என் பொண்ணுக்கு ஆறு வயசு.

சாக்பீஸ், சனி மாலை 6:50

மண்டி அண்ணாச்சிக்கு ஒரு எண் தருகிறேன், கோபிக்கக் கூடாது. கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளிவந்தது. உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் 0.14 சதவீதம். அதே ஆய்வில் ஹாங்காங்கில் 1.5. பங்குபோடும் இடத்தில் நீங்கள் மிகச் சிறுபான்மை. அதனால்தான் உங்கள் குரல் டெல்லிக்குக் கேட்பதில்லை.

மல்லாட்டை மண்டி, சனி மாலை 7:05

அந்த ஆய்வுக்கு யார் பணம்?

சாக்பீஸ், சனி மாலை 7:11

ஐரோப்பிய ஒன்றியம்.

மல்லாட்டை மண்டி, சனி மாலை 7:30

பாத்தீங்களா! நம்ம புள்ளைங்களை எண்ணக்கூட வெளிநாட்டுக் காசு. மியூவான்னா நிமிஷத்துக்கு 25 லட்சம் எண்ணத் தெரியுது.

மகரந்தம், சனி இரவு 8:20

அண்ணா, இதுல நான் உங்க பக்கம். ஆனா அந்த 0.14-ஐ மறுபடி பாருங்க. இங்க ரத்த டெஸ்ட்டுல பாசிட்டிவ் வர்றவங்க நிறைய பேர், சாப்பிட்டு நிஜமா வீங்குறவங்க கொஞ்சம் பேர். தினமும் நானே பாக்குறேன், ரிப்போர்ட்டுல கத்திரிக்காய் ஆகாதுன்னு வரும், ஆளு எண்ணெய்க் கத்திரிக்காய் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருப்பார். ஏன் நம்ம ஊர்ல வீங்க மாட்டேங்குது? அவிச்சுத் தின்கிறதாலயா, சின்னதுலயே தின்கிறதாலயா, வேற எதாவதா? லாக் கேட்ட அதே மாதிரி கேள்வி இது. இதைக் கேட்டா, உடனே என்ன பயன்னு கேக்குற குழுவுல முதல்ல தள்ளுபடி ஆகுறது இதுதான்.

மல்லாட்டை மண்டி, சனி இரவு 8:41

அந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லித்தான் காலையிலேருந்து கத்துறேன் தங்கச்சி. வாத்தியார் சார், உங்க குழாயைப் பிடுங்கச் சொல்லல. குவாண்டத்துலேருந்து கிள்ளிக் கொடுக்கட்டும்.

குன்னூர் வாத்தியார், சனி இரவு 8:58

குவாண்டத்திலிருந்து கிள்ளுவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை தம்பி. எங்களுக்கும் அவர்களுக்கும் எப்போதுமே ஆகாது.

வடலி (லண்டன்), சனி இரவு 9:25

அண்ணை, ஒண்டு கேக்க மறந்திட்டன். மே மாசத்துக்குப் பிறகு புது ஆம்பியூல் வாங்கினனீங்களே? தேதியைப் பாருங்கோ. வெயிலில காருக்குள்ள வைக்காதேங்கோ, மருந்து கெட்டுப்போகும்.

மல்லாட்டை மண்டி, சனி இரவு 9:33

வாங்கினேன் அக்கா. கடைக்காரர் கொடுத்ததை அப்படியே பையில போட்டேன். இப்பத்தான் லைட்டுல பிடிச்சுப் பார்த்தேன், போன மாசத்தோட தேதி முடிஞ்சிருக்கு. பத்து மணிக்கு மெடிக்கலை மூடிடுவான், கிளம்புறேன். சாக்பீஸுக்குப் பதில் வந்து எழுதுறேன்.