எர்த்ஸீ மறுவாசிப்பு: கடைசி நாவலில் சிக்கி நிற்கிறேன்

உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ என்ற மாயக்கற்பனை வரிசையின் கடைசி நாவல் ‘தி அதர் விண்ட்’ (2001) பாதியில் நிற்கிறது. இரியன் என்ற பெண் வந்ததும் கதை கைநழுவிவிட்டது. அவளுக்கு ஒரு முன்கதை இருக்கிறது, அதை நான் படிக்கவில்லை என்று மட்டும் புரிகிறது.

முதல் மூன்று நாவல்களையும் 1988-ல், கல்லூரி முதல் ஆண்டில் படித்தேன். அப்போது நாயகனான மந்திரவாதி கெட்டின் மந்திரம்தான் எனக்கு எல்லாம். இந்த ஆண்டு மூன்றையும் மறுபடி படித்துவிட்டு, அப்போது வெளிவந்தே இராத ‘டெஹானு’வை (1990) எடுத்தேன். சக்தியெல்லாம் இழந்து கெட் வீடு திரும்புகிறான். நடுவயது விதவையாக, இரண்டாம் நாவலின் நாயகி டெனார். ஐம்பதைத் தாண்டிய எனக்கு இப்போது அவள்தான் நெருக்கம். சில பக்கங்களில் அழுதே விட்டேன்.

‘டெஹானு’வைத் திரும்பப் புரட்டினேன், இரியன் இல்லை. அப்புறம் ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ தொகுப்பை வாங்கினேன். அதில் ஐந்து கதைகள். முதல் கதையே கெட்டுக்குப் பல தலைமுறை முந்தையது, நீளமும் கூட. நாவலின் சூடு ஆறுமுன் தொடர வேண்டும். இணையத்தில் தேடினால் முடிவைச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

இரண்டையும் படித்தவர்கள் முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்: ‘தி அதர் விண்ட்’டைத் தொடருமுன் அந்த ஐந்தில் எந்தக் கதையை அவசியம் படிக்க வேண்டும்?