கண்ணீரும் ஆட்டமும் ஒரே நேரத்தில்: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, நாங்கள் மேடையில் நடத்திய இசை நாடகத்தைக் குறும்படமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நடனக் காட்சியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊரே சிரிக்க ஒரு பெண் தனியாக ஆடுகிறாள். அவளைக் கேலி செய்தவளே வந்து கூட ஆடுகிறாள்.

2024இல் வெளியான ‘விக்கிட்’ (Wicked) என்ற ஆங்கில இசைப் படத்தின் ஓஸ்டஸ்ட் நடன அரங்கக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று புரியும். 2003இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்த, அந்தப் படத்துக்கு மூலமான இசை நாடகத்தில் அது சற்றுச் சிரித்தபடியே கடந்துபோகும் இடம். இயக்குநர் ஜான் எம். சூ அதை நிதானப்படுத்தி, இசையை அடக்கி, தனியாக ஆடும் பெண்ணாக நடித்த சிந்தியா எரிவோவின் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோனார். கேலி செய்தவளாக வரும் அரியானா கிராண்டே அந்தக் கன்னத்துக் கண்ணீரைத் துடைக்கும் நொடிக்காகவே நான்கு முறை பார்த்தேன்.

எங்களிடம் இருப்பதோ ஒரே கேமரா. முழு ஆட்டத்தையும் தள்ளி நின்று எடுத்துவிட்டு முகத்தை நெருங்குவதற்குள் நடிகையின் கண்ணீர் காய்ந்துவிடுகிறது. கிளிசரின் வேண்டவே வேண்டாம் என்கிறாள். முகத்தை முதலில் எடுத்தால், பிறகு ஆட அவளுக்குத் தெம்பில்லை. பாட்டை நிறுத்தினால் இருவருடைய தாளமும் பிரிந்துவிடுகிறது. நான் கை தட்டிக் கொடுத்தேன். அந்தச் சத்தமும் பதிவாகிவிட்டது. பலகைத் தரையில் கேமராக்காரரின் செருப்புச் சத்தம் வேறு!

நீங்களாக இருந்தால் எதை முதலில் எடுப்பீர்கள்? சத்தமில்லாமல் தாளம் கொடுக்க வழி உண்டா? வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நான்கு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும்.