வியட்நாமில் விட்டுவிட்டு வந்த நாய்கள்: வேறு வழி இருந்ததா, இல்லையா?

மருதம்:
வியட்நாம் போரில் அமெரிக்கா ஏறக்குறைய 4,000 நாய்களை இறக்கியது. ஊர் திரும்பியவை சுமார் 200. சண்டையிலும் நோயிலும் செத்தவை போக, மிச்சத்தை ஊசி போட்டுக் கொன்றார்கள், அல்லது தென் வியட்நாம் ராணுவத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். கணக்குப் புத்தகத்தில் அவை தளவாடம், ஜீப், கூடாரம் மாதிரி. காதுக்குள் குத்திய எண்தான் அடையாளம். இது அப்பட்டமான துரோகம். நாயைப் போருக்குக் கூட்டிப் போனதே தவறு என்பேன்.

நிலவன்:
கடைசி வரியை ஏற்க மாட்டேன் மருதம். காட்டுப் பாதையில் வரிசையாகப் போகும்போது முதலில் நடப்பது யார்? நாய் இல்லையென்றால் 19, 20 வயதுப் பையன், தன் கண்ணை மட்டும் நம்பி. வேவு நாய் இருந்தால் அது காற்றுக்கு எதிராக மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் போகும். பதுங்கியிருக்கும் ஆளின் வாடை வந்தால் குரைக்காது. காது விறைக்கும், தலை ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும், பிடரி மயிர் சிலிர்க்கும், பின்னால் வாரைப் பிடித்திருப்பவன் அதைப் புரிந்துகொண்டு கையைத் தூக்கினால் மொத்த வரிசையும் தரையோடு படுத்துவிடும். அப்படிப் பிழைத்தவர்களின் வீட்டில் போய், நாயைக் கொண்டுபோனது தவறு என்று சொல்ல முடியுமா?

அப்புறம், திரும்பக் கொண்டுவராததற்குக் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உண்ணியால் பரவும் ரத்த நோய் ஒன்று அங்கே நாய்களை வாரிக்கொண்டு போனது, மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தன. அது ஊர் நாய்களுக்கும் பரவும் என்ற பயம் இருந்தது.

மருதம்:
நோய் இருந்தது உண்மை. அதே நோய்ப் பயத்துக்கு நடுவிலும் 200 நாய்களைக் கொண்டுவர முடிந்தது அல்லவா? மற்றவற்றைத் தனியே அடைத்துப் பார்த்துக் கொண்டுவர மனம் இல்லை, அவ்வளவுதான்.

நீமோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 டிசம்பரில் சைகோனுக்குப் பக்கத்தில் ‘டான் சோன் நுத்’ என்ற விமானத் தளம், இரவு ரோந்து. ஒளிந்திருந்தவர்களை நீமோ கண்டுபிடிக்க, சூடு விழுந்தது. குண்டு கண்ணுக்குக் கீழே புகுந்து வாய் வழியாக வெளியேறியது. அந்த நிலையிலும் அடிபட்டுக் கிடந்த தன் ஆள் மேல் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது, காப்பாற்ற வந்தவர்களைக்கூட லேசில் கிட்டே விடவில்லை. ஒரு கண் போனது. நீமோவை மட்டும் மரியாதையாக ஊருக்கு அனுப்பினார்கள். செய்தித்தாளில் வராத நாய்கள்?

நிலவன்:
நீமோ திரும்பியது 1967இல். நோய் முற்றியது அதற்குப் பிறகு. அதை உதாரணமாக வைக்காதீர்கள்.

மருதம்:
சரி, நீமோவை விடுங்கள். இரண்டாம் உலகப் போரைப் பாருங்கள். 1942இல் ராணுவத்திடம் நாய்கள் போதவில்லை, மக்களிடம் கேட்டார்கள், வீட்டில் வளர்த்ததைக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவற்றுக்கு மறுபடி பயிற்சி கொடுத்து, மூர்க்கம் தணிந்ததா என்று பார்த்து வீடுகளுக்கே திருப்பி அனுப்பியது இதே ராணுவம்தான். 1945இல் முடிந்தது பின்னால் ஏன் முடியவில்லை? அப்போது ஒவ்வொரு நாய்க்கும் கேட்க ஒரு வீட்டுக்காரர் இருந்தார். வியட்நாமுக்குப் போனவை அரசு காசு கொடுத்து வாங்கியவை, கேட்க நாதி இல்லை.

பழைய ஹேண்ட்லர்:
தம்பிகளா, நான் ராணுவம் இல்லை. வெடிகுண்டு மோப்ப நாய்களை நடத்தும் ஹேண்ட்லராக 11 வருடம் இருந்தவன். நாய்க்கு வெடிமருந்து என்றால் என்னவென்றே தெரியாது. அந்த வாடை வந்த இடத்தில் உட்கார்ந்தால் பந்து கிடைக்கும், அதன் கணக்கு அவ்வளவுதான். என் முதல் நாய் பெட்டியை மோந்ததும் மெதுவாக உட்காருவான், உட்கார்ந்த பிறகு பெட்டியைப் பார்க்க மாட்டான், என் கால்சட்டைப் பையைத்தான் பார்ப்பான், பந்து அங்கே இருக்கிறது என்று தெரியும். அவன் விளையாட வந்தவன், ஆபத்து தெரிந்தது எனக்கு மட்டும்.

அதனால் எல்லாப் பயிற்சியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சோவியத் ராணுவம் நாயைப் பட்டினி போட்டு, டாங்கிக்கு அடியில் சோறு வைத்துப் பழக்கியது. 1941இல் ஜெர்மன் டாங்கிகள் வந்தபோது அந்த நாய்களின் முதுகில் வெடியைக் கட்டி அனுப்பினார்கள். ஓடும் டாங்கியையும் சுடும் சத்தத்தையும் கண்டு பல நாய்கள் மிரண்டு, சோறு போட்டவர்களின் பதுங்குகுழிக்கே திரும்பி ஓடிவந்தன, முதுகில் வெடியோடு. அது கொலை. கண்ணிவெடி தேடும் நாய் வேறு, அதோடு ஒரு மனிதனும் நடக்கிறான்.

என் முதல் நாய் ஓய்வு பெற்றபோது அவனை வீட்டுக்குக் கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள். ஒன்றரை வருடம் கூண்டிலேயே கிடந்தான். வெளியே என் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான்.

நிலவன்:
படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை ஐயா. விட்டுவிட்டு வந்தது தவறுதான், அதில் மருதத்தோடு இனி வாதாட மாட்டேன். கூட்டிப்போனது தவறில்லை என்பதை மட்டும் விட மாட்டேன்.

மருதம்:
அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ராணுவ நாயைத் தத்தெடுக்கச் சட்டம் வந்தது 2000 நவம்பரில்தான், அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். ராபி என்ற நாய்க்காக அதன் ஹேண்ட்லர் போராடியதால் வந்த சட்டம். ராபிக்கு உடம்பு முற்றிலும் கெட்டிருந்தது, 2001 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். வீட்டு வாசலையே பார்க்கவில்லை.

நிலவன்:
ஐயா, ஒன்று கேட்கிறேன். நாய் இல்லாமல் அந்தப் பெட்டிகளின் பக்கம் போயிருப்பீர்களா?

பழைய ஹேண்ட்லர்:
மாட்டேன். அவனை விட்டுவிட்டு விமானம் ஏறு என்று வியட்நாமில் எனக்கு உத்தரவு வந்திருந்தால் ஏறியிருப்பேனா என்றும் கேளுங்கள். ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இங்கே விதி என்று சொன்னதும் பேசாமல் திரும்பி வந்தவன்தானே நான்.