பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதேதான். பழைய வட்டிலுள்ள என் கோப்புறை மட்டும் திறக்கவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் என் மேசைக் கணினியில் புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11 ப்ரோ பதிப்பை முதலிலிருந்து நிறுவினேன். தவறுதலாக எதுவும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, நிறுவி முடிக்கும்வரை பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தேன். இப்போது அதை மீண்டும் இணைத்திருக்கிறேன். அதிலிருந்த விண்டோஸ் 10 ப்ரோ அப்படியே இருக்கிறது. வட்டு டி டிரைவாகத் தெரிகிறது.

புதிய கணக்கை உருவாக்கும்போது பழைய பயனர்பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் பழைய கோப்புகள் என்னுடையவையாகவே இருக்கும் என்று நம்பினேன். ஆனால் பழைய வட்டின் யூசர்ஸ் கோப்புறைக்குள் என் பெயரிலுள்ள கோப்புறையைச் சொடுக்கினால், அதைத் திறக்க எனக்குத் தற்போது அனுமதி இல்லை என்ற செய்தியும் கன்டினியூ என்ற பொத்தானும் வருகின்றன. என் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குத்தான். அதே வட்டில் தனியாக வைத்திருந்த வீட்டுக் கணக்குக் கோப்புறையின் செக்யூரிட்டி தாவலைப் பார்த்தபோது, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அக்கவுன்ட் அன்னோன்" என்றும், பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணும் இருந்தன.

முழு வட்டுக்கும் எல்லாப் பயனர்களையும் குறிக்கும் எவ்ரிஒன் குழுவைச் சேர்த்து, ஃபுல் கன்ட்ரோல் எனும் முழு அனுமதி கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பல ஆண்டுகளின் ஒளிப்படங்களும் வீட்டுக் கணக்குகளும் அதில் இருப்பதால், யோசிக்காமல் எதையும் செய்ய மனம் வரவில்லை. கோப்புகளை எடுத்த பிறகு அந்த வட்டை ஃபார்மட் செய்துவிட்டுக் காப்புப்படி வைக்கப் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன். நான் எங்கே தவறினேன், எந்த வழி பாதுகாப்பானது என்று சொல்ல முடியுமா?

மறுமொழி 1

நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. விண்டோஸ் ஒருவரை எப்படி அடையாளம் காண்கிறது என்பதில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. பயனர்பெயர் நாம் படிப்பதற்காக இருப்பது மட்டுமே. ஒரு கோப்பின் அனுமதிப் பட்டியலில் எழுதப்படுவது அந்தப் பெயர் அன்று. கணக்கு உருவானபோது அதற்கு வழங்கப்பட்ட எஸ்ஐடி எனும் பாதுகாப்பு அடையாள எண். எஸ்-1-5-21 என்பதற்குப் பின்னால் வரும் மூன்று பெரிய எண்கள், விண்டோஸ் நிறுவப்படும்போது அந்த நிறுவலுக்கென்றே உருவாக்கப்படுபவை. கடைசி எண் கணக்குக்குரியது: விண்டோஸுடன் பிறக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு அது எப்போதும் 500, நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு 1000 அல்லது அதற்கு மேல். ஆகவே நீங்கள் அதே பெயரைக் கொடுத்திருந்தாலும், புதிய விண்டோஸின் கண்ணுக்கு நீங்கள் வேறோர் ஆள். பழைய எண்ணுக்கு உரியவர் யார் என்பது பழைய நிறுவலுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் புதிய நிறுவல் அதை வெறும் எண்ணாகக் காட்டுகிறது.

அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தும் ஏன் மறுக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் விஸ்டா காலத்தில் யூஏசி எனும் பயனர் கணக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவர் உள்நுழையும்போது அவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் வழங்கப்படுகின்றன. ஒன்று முழு அதிகாரம் கொண்டது, மற்றது அதிகாரம் குறைக்கப்பட்டது. நாம் கோப்புகளைப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் குறைக்கப்பட்ட சீட்டைக் கொண்டே இயங்குகிறது. உங்கள் பழைய கோப்புறையின் பட்டியலில் வழக்கப்படி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு இருக்கும். என்றாலும் எக்ஸ்ப்ளோரரிடம் அந்தக் குழுவின் அதிகாரம் செல்லுபடியாவதில்லை. கன்டினியூ பொத்தானை அழுத்தினால், விண்டோஸ் முழு அதிகாரத்தைப் பயன்படுத்தி உங்கள் புதிய எண்ணை அந்தப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்க்கிறது. அது ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்கான அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

நண்பர் சொன்ன வழியை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன். எவ்ரிஒன் குழுவுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால், அந்தக் கணினியில் எந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும், தீங்குநிரல் உட்பட, உங்கள் படங்களை மாற்றவோ அழிக்கவோ முடியும்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்ட விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த நிலையில், கன்டினியூ பொத்தானையோ உரிமையாளரை மாற்றும் டேக்ஓன் கட்டளையையோகூட நான் தொட மாட்டேன். பழைய வட்டிலுள்ள விண்டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் அனுமதிகளை ஏன் கலைக்க வேண்டும்? டேக்ஓன் கட்டளையைக் கீழ்க்கோப்புறைகள் அனைத்துக்கும் சேர்த்து, வரும் கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று விடையளிக்கும்படி ஓட்டினால், பட்டியலிட அனுமதியில்லாத கோப்புறைகளில் பழைய அனுமதிப் பட்டியலையே நீக்கிவிட்டுப் புதியதை எழுதிவிடக்கூடும். பின்னர் பழைய விண்டோஸுக்குள் நுழைய வேண்டிய தேவை வந்தால் அது உங்களுக்கே இடையூறாகும்.

உங்களுக்குத் தேவை கோப்புகளின் நகல் மட்டுமே. அதற்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை வலச்சொடுக்கி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்துகொள்ளுங்கள். ரோபோகாப்பியை பி என்ற சுவிட்சுடன், அதாவது கட்டளையோடு சேர்க்கும் தெரிவுடன், இயக்கினால், அது காப்புப்படி எடுப்பவருக்குரிய தனி உரிமையைப் பயன்படுத்தி, அனுமதிப் பட்டியலைக் கேட்காமலும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலும் கோப்புகளைப் படிக்கிறது. அனுமதிகளையும் நகலெடு என்று நாமாகச் சொல்லாதவரை, நகல்கள் போய்ச் சேரும் கோப்புறையின் அனுமதிகளையே பெறுகின்றன. ஆகவே புதிய இடத்தில் எல்லாம் உங்கள் புதிய கணக்குக்கு உரியவையாக இருக்கும்.

கீழ்க்கோப்புறைகளுக்காக இ என்ற சுவிட்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஜே என்ற சுவிட்சை மறக்கவே கூடாது. பயனர் கோப்புறைக்குள் பழைய நிரல்களுக்காக வைக்கப்பட்டிருக்கும் ஜங்ஷன் என்னும் இணைப்புகள் சில, தாம் இருக்கும் இடத்தையே சுட்டுவதால், அவற்றைப் பின்தொடரும் நகல் முடிவில்லாமல் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும். மறுமுயற்சிகளின் எண்ணிக்கைக்கு ஆர் 1, இடையே காத்திருக்கும் வினாடிக்கு டபிள்யூ 1 என்று கொடுப்பதும் முக்கியம். கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஒரு கோப்பை 30 வினாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயல்வதுதான் அந்தக் கட்டளையின் இயல்பு. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். நிரல்கள் தம் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டா கோப்புறையை முழுவதுமாகக் கொண்டுவர வேண்டியதில்லை.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்தேன், ஒளிப்படங்கள் எல்லாம் வந்துவிட்டன, திறந்தும் பார்த்துவிட்டேன். ஆனால் வீட்டுக் கணக்குக் கோப்புறையிலுள்ள 12 கோப்புகளை மட்டும் ரோபோகாப்பி அனுமதி மறுப்பு என்று சொல்லி விட்டுவிட்டது. அவற்றின் சின்னத்தின் மூலையில் சிறிய பூட்டு ஒன்று தெரிகிறது. அவற்றின் அனுமதிப் பட்டியலிலும் மற்றவற்றைப் போலவே அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு இருக்கிறது. இவற்றுக்கு மட்டும் உரிமையாளரை மாற்றிப் பார்க்கலாமா? அதன் பிறகு இன்றே வட்டை ஃபார்மட் செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி 3

தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். இதை நீங்கள் முதலில் படிக்க வேண்டும் என்பதற்காகவே தொடக்கத்தில் எழுதுகிறேன்.

அந்தப் பூட்டுச் சின்னம் இஎஃப்எஸ் எனும் கோப்புக் குறியாக்கத்தைக் காட்டுகிறது. அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவல். குறியாக்கமோ எழுத்துகளையே உருமாற்றிவிடுவது. உரிமையாளரை மாற்றினாலும், எல்லா அனுமதிகளையும் கொடுத்தாலும், உள்ளே இருப்பதைப் படிப்பதற்கான விசை இல்லாமல் பயனில்லை. அந்த விசை உங்கள் பழைய பயனர் கோப்புறையின் ஆப்டேட்டாவுக்குள், பழைய கடவுச்சொல்லைக் கொண்டு பூட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. அதே கடவுச்சொல்லைப் புதிய கணக்கில் வைத்திருப்பதால் விசை இங்கே வந்துவிடாது. வட்டை அழித்திருந்தால் விசையும் சேர்ந்து போயிருக்கும். வேறெங்கும் அதன் நகல் இல்லாத நிலையில், கோப்புகளை மீட்க வழியே இருந்திருக்காது. பழைய விண்டோஸை நீங்கள் கலைக்காமல் விட்டிருப்பதால், அதற்குள் நுழைந்து விசையைப் பயன்படுத்த இப்போதும் வழி இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எனும் விரைவுத் துவக்க வசதி காரணமாக விண்டோஸ் 11 பாதி உறங்கிய நிலையில் நின்று, பழைய வட்டைத் தன் பிடியில் வைத்திருக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பழைய வட்டிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவியபோது அந்த வட்டைக் கழற்றி வைத்திருந்ததால் அதன் துவக்கப் பகுதி கெடாமல் இருக்கும். பழைய கணக்கில் உங்கள் கடவுச்சொல்லைக் கொண்டே நுழையுங்கள். கடவுச்சொல் மறந்துபோயிருந்தாலும், அதை வெளியிலிருந்து மாற்றியமைக்கும் கருவிகளைப் பயன்படுத்தாதீர்கள். அவை கணக்கைத் திறந்துவிடும், ஆனால் பழைய கடவுச்சொல்லால் பூட்டிய விசை திறக்காது. உள்ளே போனதும் அந்தக் கோப்புகளின் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு ஆகியவற்றைத் திறந்து, குறியாக்கத்துக்கான பெட்டியிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். அங்கிருக்கும்போதே உங்கள் இஎஃப்எஸ் சான்றிதழை, கோப்புகளைத் திறக்கும் தனி விசையுடன் பிஎஃப்எக்ஸ் எனும் வகைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறு கடவுச்சொல் இட்டு ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன வேறு கோப்பு ஏதேனும் பூட்டோடு கிடைத்தால், புதிய விண்டோஸில் அந்தச் சான்றிதழை நிறுவித் திறந்துகொள்ளலாம்.

கேட்டவரின் பதில்

பழைய கடவுச்சொல் நினைவில் இருந்ததால் தடையின்றி உள்ளே நுழைய முடிந்தது. கோப்புறைக்குக் கடவுச்சொல் போடுவதாக நினைத்து, பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெட்டியில் நானேதான் குறியிட்டிருக்கிறேன். அதை அடியோடு மறந்துவிட்டேன். 12 கோப்புகளின் குறியாக்கத்தையும் நீக்கி, சான்றிதழை ஏற்றுமதி செய்துவிட்டுப் புதிய விண்டோஸுக்குத் திரும்பி, அதே ரோபோகாப்பி கட்டளையை மீண்டும் ஓட்டினேன். முன்பே வந்திருந்தவற்றை விட்டுவிட்டு இந்தக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது, எல்லாம் திறக்கின்றன. பிஎஃப்எக்ஸ் கோப்பை இரண்டு பென் டிரைவ்களில் வைத்திருக்கிறேன். பழைய வட்டில் வேறு எந்தக் கோப்பிலும் பூட்டு இல்லை என்று கோப்புறை கோப்புறையாகப் பார்த்து முடிக்கும்வரை அதை ஃபார்மட் செய்யப்போவதில்லை.