பள்ளிப் பேருந்துக்கு முன்பா பின்பா, ஜெபம் எப்போது?

கேள்வி: சிங்கப்பூரில் பிள்ளையின் பள்ளிப் பேருந்து காலை 6:30-க்கே எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே வந்துவிடுகிறது. சமையல், சீருடை என்று ஓடுவதில் வேத வாசிப்பு இரவுக்குத் தள்ளிப்போகிறது; அப்போது கண் சொக்குகிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில் 1: சகோதரி, அதிகாலை என்பது கட்டாயமில்லை. வேதாகமத்தில் வரும் தானியேல் தினம் மூன்று வேளை முழங்காலிட்டார். பேருந்து போனதும் 6:40 முதல் 7 வரை ஒதுக்குங்கள், பாத்திரம் தொட்டியிலேயே கிடக்கட்டும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சு வேதாகமத்தில் வாசியுங்கள். செயலியைத் திறந்தால் வாட்ஸ்அப் இழுத்துவிடும். திட்டம் முறிவது பெரும்பாலும் அளவு மிஞ்சுவதால்தான். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் 5 நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனிக்கிழமை, விட்டதைப் பிடிக்க.

பதில் 2: அக்கா சொன்னதோடு ஒன்று. வாஷிங் மெஷினை 6 மணிக்கே ஓடவிட்டால், ஜெபம் முடியும்போது துணி தயார். இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில். தாமதமாக மூங்கில் கழியில் போட்டால் காயாமல் வாடை அடிக்கும், மறுபடி துவைக்கும் வேலை. ஈரச்சந்தைக்கு (மீன், காய்கறி விற்கும் சந்தை) திங்கட்கிழமை போகாதீர்கள், பல மீன்கடைகள் அடைத்திருக்கும்.

பதில் 3: ஞாயிறு ஆராதனைக்குச் சனி மதியமே தொடங்குங்கள். 4 கப் இட்லி அரிசி, 1 கப் உளுந்து ஊறவைத்து, இரவு அரைத்து, பாதிப் பாத்திரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். நம்மூர் வெக்கையில் விடிவதற்குள் பொங்கிவிடும், நிறைத்தால் மேடையெல்லாம் வழியும். வேதாகமம், காணிக்கை உறை, பிள்ளையின் உடுப்பு இரவே வாசலருகே.