கீழக்கரையிலிருந்து ஹைதராபாத்: அரையாண்டு லீவுக்குக் காரா, விமானமா?

கீழக்கரைவாசி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அரையாண்டு லீவில் ஹைதராபாத்தில் இருக்கும் ராத்தா (அக்கா) வீட்டுக்குப் போகிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர் (12, 7 வயது), உம்மா (அம்மா). உம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் இருக்கிறது. வண்டி 2019 எர்டிகா பெட்ரோல். ஓட்டுவது நான் மட்டும். போக வரச் சேர்த்துக் கையில் பத்து நாள். மதுரையிலிருந்து விமானமா, நேரே காரிலேயே போய்விடலாமா? செலவு, மழை, உம்மாவின் உடம்பு மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சேதுச்சாலை:

காக்கா, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். பலரும் டிக்கெட் விலையையும் பெட்ரோலையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதிச் செலவு விட்டுப்போகிறது.

கார்: கீழக்கரையிலிருந்து ஹைதராபாத் ஏறத்தாழ 1,140 கி.மீ. போக வர 2,280, ஊருக்குள் சுற்ற 150 சேர்த்தால் 2,450 பக்கம் வரும். ஐந்து பேரும் சாமானும் ஏற்றி ஏசி போட்டால் லிட்டருக்கு 14 என்றே வையுங்கள். 175 லிட்டர், வழியிலுள்ள மாநிலங்களின் விலையைச் சராசரியாக 105 என்று வைத்தால் 18,400. டோல் 3,000. வழியில் போகும்போது ஓர் இரவு, வரும்போது ஓர் இரவு, இரண்டிரண்டு அறை என்றால் 8,000. சாப்பாடு 4,000. மொத்தம் 33,400.

விமானம்: டிக்கெட்டை விடுங்கள், மற்றவை என்ன? வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 130 கி.மீ. டாக்சிக்காரர் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துத்தான் வாங்குவார். கிலோமீட்டர் 14 ரூபாய் என்றால் ஒரு தடவைக்கு 3,640, இரண்டு தடவைக்கு 7,280. ஹைதராபாத் விமான நிலையம் இருக்கும் ஷம்சாபாத்திலிருந்து ராத்தா வீட்டுக்குப் போக வர 2,400. அங்கே கார் இல்லாததால் ஒரு வாரம் ஊர் சுற்ற 5,000. ஆக 14,700 டிக்கெட்டுக்கு முன்பே வந்துவிடுகிறது. இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கும் முழு சீட்டுதான், ஆகவே பத்து டிக்கெட்.

33,400-இல் 14,700 போனால் 18,700. அதாவது ஒரு டிக்கெட் 1,870-க்குக் கிடைத்தால்தான் விமானமும் காரும் சமம். டிசம்பர் கடைசி வாரத்தில் அந்த விலையை எதிர்பார்க்க முடியாது. இதே கணக்கை இருவருக்குப் போட்டால் சமநிலை 3,200 பக்கம் போகும், அப்போது விமானம் போட்டிக்கு வரும். ஐந்து பேருக்குப் பணத்தைப் பொறுத்தவரை கார்தான்.

ஆனால் உங்கள் முடிவைப் பணம் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கருத்து. பத்து நாளில் நான்கு நாள் சாலையிலேயே போகும், ஓட்டுவது ஒரே ஆள். நாளைக்கு 550 கி.மீ. இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டி, ஒரு வாரத்தில் மறுபடியும் அதையே செய்வது தனி ஆளுக்கு அதிகம். இன்னொரு ஓட்டுநர் இல்லையென்றால் விமானம், இருந்தால் கார்.

வைகைக்கரை:

விமானம் என்று முடிவானால் கவனிக்க வேண்டியவை.

மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்கு நேரடி விமானம் கிடைத்தால் நூறு, இருநூறு கூடினாலும் அதையே எடுங்கள். பெங்களூரில் மாறிப் போகும் டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் பனிமூட்டம் இறங்கும், காலை எட்டு மணி வரையிலான விமானங்கள் பின்னால் தள்ளும், இணைப்பு விமானம் கை நழுவும். மாறித்தான் போக வேண்டுமென்றால் நண்பகலுக்கு மேல் பெங்களூரைத் தொடும் விமானமாகப் பாருங்கள். இரண்டு பகுதியும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாவதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

தூத்துக்குடியையும் தேடிப் பார்ப்பீர்கள். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், கீழக்கரையிலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே போய்விடலாம். ஆனாலும் டிசம்பருக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது அந்தப் பக்கம் சாலை, ரயில் இரண்டும் துண்டிக்கப்பட்டன, விமானங்களும் நின்றன. நம் பக்கமும் தப்புவதில்லை. 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. பக்கத்திலேயே உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறதே என்றால், அது கடற்படைத் தளம், பயணிகள் விமானம் அங்கே கிடையாது.

உம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே குறிப்பிடுங்கள், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது பதிவாகியிருக்க வேண்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், மருத்துவர் சீட்டுடன். கீழே ஏற்றும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெடும் ஆபத்தும், பெட்டி வேறு ஊர் போய்விடும் ஆபத்தும் உண்டு. பவர் பேங்க்கும் கைப்பையில்தான்.

சாமான் ஆளுக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ என்பதுதான் வழக்கம். ராத்தாவுக்குத் தொதல், கருப்பட்டி என்று கட்டினால் அதுவே ஒரு பெட்டி ஆகிவிடும். கூடுதல் கிலோவை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் கவுன்டரில் கட்டுவதைவிடக் குறைவு. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ப் பசை மிகுதி, தீப்பற்றும் என்பதால் அதை விமானத்தில் விடமாட்டார்கள். கருவாடு கொண்டுபோவதானால் காற்றுப் புகாமல் இரண்டு உறை போட்டு ஏற்றும் பெட்டியில் வையுங்கள். வாடை வெளியே வந்தால் இறக்கி வைத்துவிடுவார்கள்.

கவுன்டர் 60 நிமிடம் முன்பு மூடும். மதுரைக்குள் நுழைய வேண்டாம், விரகனூரில் ரிங் ரோடு பிடித்தால் நேரே விமான நிலையம். ஆனாலும் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் முன்பு கிளம்புங்கள். சபரிமலை சீசனும் ராமேஸ்வரம் யாத்திரை வண்டிகளும் ஒன்றாகச் சேரும் நாட்கள் அவை.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதை ஒட்டி நாடெங்கும் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். ஆகவே பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் திரும்பும்படி டிக்கெட் போடாதீர்கள், ஒருநாள் இடைவெளி வையுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பரமக்குடி டயர்க்கடை:

காரில் போனால் முதலில் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் வண்டியில் கம்பெனி டயரே இன்னும் ஓடுகிறதென்றால் பட்டை ஆழமாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓட்டம் குறைவான வண்டியில் பட்டை தேயாது, ரப்பர் மட்டும் முற்றிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விடும். பகல் வெயிலில் நான்குவழிச் சாலையில் 100-இல் போகும்போது வெடிப்பது அப்படிப்பட்ட டயர்தான். ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள்.

காற்றழுத்தம் ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உண்டு. முழுச் சுமைக்கு வேறு அளவு கொடுத்திருந்தால் அதைத்தான் பிடிக்க வேண்டும். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரிகிறதென்று காற்றை இறக்குவது தப்பு, ஆறியதும் குறைந்துபோகும், குறைந்த காற்றில் பக்கச் சுவர் வளைந்து வளைந்து மேலும் சூடேறும்.

கடற்கரை வண்டிக்கென்று சில வேலைகள் உண்டு. உப்புக்காற்றில் ரிம் விளிம்பு அரித்து, டயர் உட்காரும் இடத்தில் மெல்லக் காற்று கசியும். வாரம் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. இறங்கினால் பஞ்சர் தேடி நேரம் கழிக்காமல் டயரைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். பேட்டரி நான்கு வருடம் தாண்டியிருந்தால் லோடு டெஸ்ட் பார்த்துவிடுங்கள். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்திருக்கும், புதுசு போடுங்கள். சர்வீஸை முந்தின நாள் விடாதீர்கள். பத்து நாள் முன்பே செய்து, ஒருமுறை மதுரை வரை ஓட்டிப் பார்த்தால் விட்டுப்போன நட்டும் கசிவும் ஊரிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது வரிசை சீட்டை மடக்கினால்தான் எர்டிகாவில் சாமான் இடம் கிடைக்கும். கேரியர் போட்டு மேலே ஏற்றாதீர்கள், காற்றுத் தடையில் மைலேஜ் விழும்.

கீழக்கரைவாசி:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ். வீட்டில் பேசினோம். மச்சானும் வருவதாகச் சொல்கிறார், நன்றாக ஓட்டுவார், லைசென்ஸ் உண்டு. உம்மாவையும் மனைவியையும் மதுரையில் விமானம் ஏற்றிவிட்டு நாங்கள் காரில் போனால் சரிவருமா? எந்த வழி, எங்கே தங்குவது?

சேதுச்சாலை:

சரிவரும், இதுதான் உங்கள் நிலைமைக்கு நல்ல வழி. நான்கு டிக்கெட்தான், டாக்சியும் மிச்சம், ஹைதராபாத்தில் கையில் கார் இருக்கும். ஒரு திருத்தம்: அவர்கள் விமானத்தை உங்கள் பயணத்தின் இரண்டாம் நாளுக்குப் போட்டு, முதல் நாளே மதுரையில் உறவினர் வீட்டில் விட்டுப் போங்கள். அன்றே ஏற்றிவிடக் காத்திருந்தால் உங்கள் பகல் பொழுது போய்விடும்.

வழி: பரமக்குடி, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், சிக்கபள்ளாப்பூர், அனந்தபூர், கர்நூல். மதுரைக்கு அப்பால் முழுக்க 44-ஆம் எண் நெடுஞ்சாலை. ராமநாதபுரம்–பரமக்குடி இருவழிதான், இருட்டில் எதிர் விளக்கும் மாடும் தொல்லை. அந்தத் துண்டில் 60-ஐத் தாண்டாதீர்கள்.

காலை 4.30-க்குக் கிளம்பினால் மதியம் இரண்டு, இரண்டரைக்கு ஓசூர். மாலை நெரிசலுக்கு முன் பெங்களூரைக் கடந்துவிடலாம். நகருக்குள் போக மனமில்லையென்றால் அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளி சேரலாம். சிக்கபள்ளாப்பூரிலோ பாகேபள்ளியிலோ தங்குங்கள். ஓசூரிலேயே தங்கினால் மறுநாள் காலை நெரிசலில் பெங்களூர் மாட்டும், அதோடு 600 கி.மீ. பாக்கியிருக்கும். மறுநாள் ஏழரைக்கு முன் கிளம்ப வேண்டாம், அந்தப் பக்கம் பனி கலைய நேரமாகும். பனியில் லோ பீம் மட்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது ஹசார்டு விளக்கு வேண்டாம். நான்கு விளக்கும் மின்னினால் நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பெட்ரோல்: எர்டிகாவின் டேங்க் 45 லிட்டர். ஊரில் முழுக்க நிரப்பினாலும் பாகேபள்ளி வரை இழுக்காதீர்கள், ஓசூருக்கு முன்பே தமிழ்நாட்டில் நிரப்புங்கள். பாகேபள்ளியில் ஆந்திர எல்லைக்கு முன் மீண்டும் விளிம்பு வரை நிரப்பினால் அங்கிருந்து ஹைதராபாத் 470 கி.மீ., ஒரே டேங்கில் போய்விடும். ஆந்திராவில் பெட்ரோல் விலை கூடுதல்.

டோல் பதினைந்துக்கு மேல் வரும். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் அறிமுக விலை 3,000 ரூபாய், 200 முறை டோல் கடக்கலாம் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. இந்த ஒரு பயணத்திலேயே கிட்டத்தட்ட அந்தத் தொகை ஆகிவிடும் என்பதால் வாங்கிவிடுங்கள். ராஜ்மார்க் யாத்ரா செயலியில் இரண்டு நாள் முன்பே செய்து, வேலை செய்கிறதா என்று வழியில் வரும் முதல் டோலான போகலூரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் வெளிவட்டச் சாலைக்கு இந்தப் பாஸ் செல்லாது, அதற்கு டேக்கில் தனியாகப் பணம் இருக்கட்டும். ஷம்சாபாத்தில் 16-ஆம் எண் வாயிலில் வட்டச் சாலை ஏறலாம்.

இருவரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். இரவு எட்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம். சபரிமலை சீசனில் இரவு முழுக்க ஓட்டி வரும் வேன்கள் திண்டுக்கல், கரூர் பக்கம் நிறைய. ஆபத்து உங்கள் தூக்கத்தால் மட்டுமல்ல, அவர்கள் தூக்கத்தாலும் வரும்.

பரமக்குடி டயர்க்கடை:

திரும்பி வரும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். போகும்போது ஏற்றம் என்பதால் அதன் குணம் தெரியாது. இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், கிளட்ச்சை மிதித்து உருட்டாதீர்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பு விடும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். விட்டு விட்டு மிதியுங்கள். முன்னால் சரக்கு லாரி இருந்தால் நெருங்கவும் வேண்டாம், அதற்கு முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இந்த சர்வீஸிலேயே மாற்றச் சொல்லுங்கள், ஈரம் ஏறிய ஆயில் அந்த இறக்கத்தில்தான் கொதிக்கும்.